ஒற்றக்கா போட்ட ‘ம்’

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்பவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை. ஒற்றெழுத்து விடுபட்ட காகிதம் எதுவும் அவள் மேசையைத் தாண்டிப் போனதில்லை என்பதால் குமாஸ்தா வைத்தது. மருந்துக் கடை விளம்பரம், லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு, எதையும் விடமாட்டாள். திருத்திவிட்டுத்தான் மேலே போவாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அவளுக்குச் செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டார்.

“வரேன்னு அனுப்பினா வருகிறேன்னு திருத்தித் திருப்பி அனுப்புறா. நான் வீட்டுக்கு வரதா, பரீட்சைக்கு வரதா?”

இணையச் சட்ட வகுப்பில் அவள் சேர்ந்ததும் ஒரு தற்செயல்தான். வணிகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் என்று சனிக்கிழமைதோறும் காலையில் நடக்கும் வகுப்பு அது. பதிவு செய்திருந்தவர் வக்கீலம்மா. முதல் வாரம் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

“நீ போய்க் கேட்டு எழுதிட்டு வா. அங்க போய்ப் பலகையத் திருத்தாத.”

போனவளுக்கு வகுப்பு பிடித்துப்போனது. அடுத்த வாரம், “நீங்க எதுக்கும்மா வீணா அலையணும்?” என்று நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டாள். ஒரு பக்கம் வங்கி மேலாளர், மறுபக்கம் கூரியர் நிறுவன முதலாளி. தன் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டைக் கைப்பேசி உறைக்குள்ளேயே வைத்திருப்பவர் அந்த முதலாளி. வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டது ஒற்றக்காதான்.

நான்காவது சனிக்கிழமை, பாடம் நடத்திய தடயவியல் நிபுணர் திரையில் ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார்.

“இத சாட்சியமாக் குடுக்குறப்ப ஒரு புள்ளியக் கூடத் தொடக்கூடாது. தப்பா எழுதியிருந்தா தப்பாவே வரணும். திருத்தினா அது நகல் இல்லீங்க, உங்க சொந்தப் படைப்பு.”

வகுப்பு சிரித்தது. ஒற்றக்கா எழுதுவதை நிறுத்தினாள். முந்தைய நாள்தான், வக்கீலம்மாவின் கட்சிக்காரரான ஒரு ஸ்டுடியோக்காரர் கைப்பேசியில் இருந்த செய்திகளை அவள் அழகாகத் தட்டச்சு செய்து, ‘உள்ளது உள்ளபடி’ என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். அது விசாரணை அதிகாரியிடம் போயும் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை விசாரணை.

வழக்கு இதுதான்: ஒரு பல் மருத்துவர் அந்த ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார். முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. ஸ்டுடியோக்காரர் அதைத் தன் இணையப் பக்கத்தில் போட, ‘இந்தப் பல்லு அசலா, கட்டினதா?’ என்று யாரோ கீழே கேட்டுவைத்தார்கள். அனுமதியில்லாமல் போட்டதாக மருத்துவர் புகார் கொடுத்தார். அனுமதி மருத்துவர் அனுப்பிய செய்தியிலேயே இருக்கிறது என்றார் ஸ்டுடியோக்காரர்.

வகுப்பிலிருந்து நேரே ஸ்டுடியோவுக்குப் போய்க் கைப்பேசியையும் தன் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொரு திருத்தம். அதில் ஒன்று, மருத்துவர் எழுதிய ‘படத்த வெளிய போடலா’. அவள் நகலில் அது ‘படத்தை வெளியே போடலாம்.’ ஆகியிருந்தது. முற்றுப்புள்ளி வேறு.

அங்கிருந்தே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“எங்கயும் வெளிய போட்டுடலையேன்னு பயந்து, போடலையான்னுதான் கேட்டேன்னு அந்த டாக்டரம்மா புகார்ல எழுதியிருக்காங்களே!” என்றார் அவர். “அவங்க போன்ல ‘ம்’ இருக்காது. நம்ம ஆளு பொய்யா ஒண்ண உண்டாக்கினான்னு சொல்லுவாங்க. கடையவே மூடணும்டி.”

“நான்தான் போட்டேன்னு நானே சொல்லிடுறேன்மா.”

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். “நான் அந்த வகுப்புக்குப் போயிருந்தா தூங்கியிருப்பேன். சரி, போனையே கொண்டுபோய் வெப்போம்.”

திங்கட்கிழமை ஒற்றக்கா அதிகாரி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏம்மா திருத்துனீங்க?”

“தப்பாப் பட்டுதுங்க.”

“உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டிருக்கீங்க.”

“அதுல பிழை இல்லீங்க. மத்ததுலதான்.”

அதிகாரி சிரிக்கவில்லை. அந்த நகலைத் தள்ளிவிட்டு, கைப்பேசியை வாங்கி மருத்துவரின் செய்திகளை முதலிலிருந்து உரக்கப் படித்தார். ‘நாளைக்கு வரலா.’ ‘ரெண்டு பிரதி எடுத்துக்கலா.’ ‘ஆறு மணிக்கு மேல பேசலா.’ ‘வெள்ளை சட்டையே போட்டுக்கலா.’ ‘லாம்’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘ம்’ இல்லை. படிக்கப் படிக்க மருத்துவரின் முகம் மாறியது. ஒற்றக்கா துடைத்துப் போட்டிருந்த பிழைகள்தான் அவை, ஒவ்வொன்றும்.

“டாக்டர், நாளைக்கு வரலையான்னு உங்களையே கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் வக்கீலம்மா.

மருத்துவர் தன் கைப்பேசியையும் எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “எனக்கு நெசமாவே அப்படிக் கேட்ட மாதிரிதான் ஞாபகம். அந்தப் பல்லுக் கேள்வியப் பாத்ததும்...” புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்தார்.

ஒற்றக்கா அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. முப்பத்தொரு திருத்தத்தையும் வரிசையாகக் கையால் எழுதி, கீழே மன்னிப்பும் எழுதச் சொன்னார் அதிகாரி. ஒரு மணி நேரம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். ஸ்டுடியோக்காரர் தேநீர் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

“அக்கா, பத்தாவதுல ஒரு எழுத்து விட்டுட்டீங்க போலிருக்கே?”

“அவங்க விட்டதுப்பா. தொடாத.”

படி இறங்கிக்கொண்டிருந்த மருத்துவர் ஸ்டுடியோக்காரரைப் பார்த்து நின்றார். “அந்தப் படத்த இணையத்துலேருந்து எடுத்துடுங்க. வேற ஒண்ணு எடுத்துக்கிறேன். இந்தத் தடவ வாய மூடிக்கிட்டு.”