லேபிள் ஸ்கிரிப்டின் நாலாவது வரி

1988 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. விளாங்குடியில் 7.10 பஸ், கப்பலூர் தொழிற்சாலையில் 8.25. கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி.யைப் போட்டேன். டேப் டிரைவின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். சனிக்கிழமை கையெழுத்திட்ட பிரின்ட்அவுட்டை ஃபைலில் சேர்த்தேன்.

அது ரப்பர் பாகங்களின் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்ட். 'லேபிள்' என்று தட்டி, அதன்பின் பாகத்தை வார்த்த அச்சின் எண்ணான மோல்டு நம்பரையும் எத்தனை லேபிள் என்பதையும் தட்ட வேண்டும். எழுதியவர் பெங்களூர் போய்விட்டார். அதைச் சுத்தம் செய்தது புரோகிராமர் செல்வம். சரிபார்த்தது நான்.

நாலாவது வரியில் 'ஷிஃப்ட்' என்று இருந்தது. பின்னால் தட்டும் சொற்களில் முதலாவதைத் தள்ளிவிடும் கட்டளை அது. செல்வம் பழைய ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தபோது மோல்டு நம்பரையே அது தின்றுவிட்டதாம். "பிழைண்ணே. தூக்கிட்டேன்" என்றார். காகிதத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. டிக் போட்டேன்.

பத்து மணிக்கு வாசலில் லாரி. மோல்டு 412-க்கு அறுபது லேபிள் வேண்டும். ஆபரேட்டர் காதர் பாய் தட்டினார். அறுபதைத் தாண்டியும் பிரிண்டர் ஓடியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், எல்லா லேபிளிலும் மோல்டு 786. எங்களிடம் அப்படியொரு மோல்டே கிடையாது.

மேனேஜர் வந்து லேபிள்களைப் பார்த்தார். காதர் பாய் ஆறு மாதம் முன்புதான் பேக்கிங்கிலிருந்து இங்கே வந்தவர். "அவருக்கு இது சரிப்படாதுய்யா. நாளையிலிருந்து பேக்கிங்குக்கே போகட்டும்" என்றார் மேனேஜர்.

பிளக்கைச் சொருகி, காதர் பாயை மறுபடி தட்டச் சொல்லிப் பின்னால் நின்றேன். 786, 412, 60 என்று தட்டினார்.

"முதல்ல அது எதுக்கு பாய்?"

"அது போடாம நான் எதையும் ஆரம்பிச்சதில்லண்ணே. ஆறு மாசமா தட்டுறேன், மிஷின் ஒண்ணும் சொல்லலையே."

மற்ற இரண்டு ஆபரேட்டர்களையும் தட்டச் சொன்னேன். இருவரும் முதலில் பிள்ளையார் சுழி 'உ'வுக்குப் பதிலாக ஆங்கில 'யு' போட்டார்கள். பெங்களூர் போனவர் அதைப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும். காரணத்தை எங்கும் குறிக்கவில்லை.

மேனேஜரிடம் போய் நடந்ததை விளக்கி, காதர் பாய் மேல் தப்பில்லை, கையெழுத்து என்னுடையது என்றேன்.

"மிஷினுக்கு எதுக்குய்யா பிள்ளையார் சுழி?" என்றார்.

"மிஷினுக்கு இல்லைங்க, தட்டுறவங்களுக்கு."

மேனேஜர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "லாரி நிக்குது. அவரையே அடிக்கச் சொல்லு" என்றார். நாலாவது வரியைத் திரும்பச் சேர்த்தேன். அறுபது லேபிள் வந்தது.

செவ்வாய்க்கிழமை 8.25. சரிபார்க்க இன்னொரு ஸ்கிரிப்ட் மேஜையில் இருந்தது. அதைப் பிரிக்காமல், காதர் பாய்க்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.