தம்பியின் பெயரில் ஆடியவன்

எங்கள் கழகத்தின் ஆட்டக்காரர் அட்டைகளை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று ஊரில் பெயர். கலியாணக் கடிதமா, திருவிழா நோட்டீசா, கிராம விதானையாருக்கு விண்ணப்பமா, எல்லாம் என்னிடம்தான் வரும். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேலே இருந்தது. நான் வாழ்க்கையில் பொய்யே சொல்லாதவன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மற்றப் பொய்களெல்லாம் வாயால் சொன்னவை, காற்றோடு போய்விட்டன. ஒன்றை மட்டும் அட்டையில் எழுதி, படம் ஒட்டி, முத்திரையும் குத்தினேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்து வந்த வருடங்கள் அவை. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காணியைத் துப்புரவாக்கி மைதானமாக வைத்திருந்தோம். சுற்றுவட்டாரக் கழகங்கள் சேர்ந்து நடத்திய லீக்கில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. அந்தந்த ஊரில் வசிப்பவர்கள்தான் அந்தந்தக் கழகத்துக்கு ஆடலாம். வெளியாட்கள் இரண்டு பேரைச் சேர்க்கலாம், மூன்றாவது ஆளைச் சேர்த்தது பிடிபட்டால் கழகமே வெளியே. இப்போது பெரிய நாடுகளின் கழகங்கள் எத்தனை வெளிநாட்டாரை வைத்திருக்கலாம், பதினெட்டு நிரம்பாத பிள்ளையை ஒப்பந்தம் செய்யலாமா கூடாதா என்று பத்திரிகையில் வாசிக்கும்போது மேலே வாசிக்காமல் மடித்து வைத்துவிடுகிறேன். எங்களுக்கு வெளிநாட்டான் என்றால் நாலு கட்டை, நாலு மைல், தள்ளி இருந்த குருநகர்க்காரன்.

அந்தப் பெடியனை நான் குருநகர்க் கடற்கரையில்தான் கண்டேன். மீன் வாங்கப் போனவன், இழுத்து வைத்த வள்ளங்களுக்கு நடுவே வெறுங்காலோடு பந்து அடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தபடி நின்றேன். வாங்கிய மீன் வெயிலில் கெட்டுப்போனது. இடது கால்காரன், பதினேழு வயது. நாலு பேர் சுற்றி நின்று மறித்தாலும் பந்து அவனை விட்டுப் போகாது. அன்றைக்கே தகப்பனைத் தேடிப் போனேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“பந்து சோறு போடுமோ தம்பி?”

“சோறு எங்கடை வீட்டிலை அண்ணை. காலுக்குச் சப்பாத்தும் நாங்கள் வாங்கித் தாறம்.”

சப்பாத்து என்றதும் பெடியனின் முகம் மலர்ந்தது. தகப்பன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

சிக்கல் எங்கள் பக்கத்தில் இருந்தது. எங்களிடம் ஏற்கெனவே இரண்டு வெளியாட்கள். இரண்டு பேருக்கும் தொப்பை வைக்கத் தொடங்கியிருந்தது, ஆனால் ஒருவர் கழகத் தலைவரின் மச்சான், மற்றவர் மச்சானின் கூட்டாளி. அவர்களை நிறுத்துவதைவிட விதியை வளைப்பது சுலபமாகத் தெரிந்தது. வளைக்கிற வழியும் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் தம்பி அதற்கு முந்தின வருடம்தான் ஜெர்மனிக்குப் போயிருந்தான். அவனுக்கும் பதினேழு வயது, அடையாள அட்டை எடுக்கிற வயது வரவில்லை. அவன் பெயர் எங்கள் பங்கீட்டுக் கூப்பன் மட்டையில் அப்படியே இருந்தது. பிறப்புச் சான்றிதழும் அலமாரியில் கிடந்தது. தம்பியின் பெயரை எழுதி, குருநகர்ப் பெடியனின் படத்தை ஒட்டினேன். சூசையப்பரின் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றவனுக்கு முருகனின் பெயர் வந்து சேர்ந்தது. கழகத்தில் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் அதை மறுக்கவில்லை.

எதிர்க் கழகக்காரர் சும்மா இருப்பார்களா? “கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு” என்று சந்தியில் நின்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள். லீக்குக்கு முறைப்பாடு போனது. பெடியன் உண்மையில் எங்கள் வீட்டில்தான் வசிக்கிறானா என்று பார்க்க மூன்று பேர் வரப்போவதாகத் தகவல் வந்தது.

அம்மாவைப் பழக்கினேன். அவன் எங்கே படுக்கிறான், எத்தனை மணிக்கு எழும்புகிறான், என்ன கறி பிடிக்கும் என்று கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினோம். அதுவரை அம்மா அவனுக்குச் சோறு கொடுத்தது பின் விறாந்தையில், அதற்கென்று தள்ளி வைத்த ஒரு சாப்பாட்டுக் கோப்பையில். அதை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் மகன் என்று காட்டவேண்டியவனை விறாந்தையில் இருத்த முடியாதே. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவனைக் குசினிக்குள் கூப்பிட்டு, தம்பியின் கோப்பையைக் கழுவி அதில் பிட்டைப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை அவனுடையதாகவே ஆகிவிட்டது.

லீக்குக்காரர் வந்த அன்று பெடியனின் நெற்றியில் மூன்று குறி திருநீறு. கழுத்தில் கிடந்த சிலுவையைச் சேட்டுக்குள் தள்ளிவிட்டது அம்மாதான். மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

“இவர் உங்கடை மகனோ அம்மா?”

“என்ரை கடைக்குட்டி. உந்த அறையிலைதான் படுக்கிறவன். எழுப்பிறதெண்டால் பெரிய பாடு. நெத்தலிப் பொரியல் இல்லாட்டிச் சோத்திலை கையே வையான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அம்மா அதற்கு மேலே நெத்தலிப் பொரியலையும் போட்டுக் கொடுத்தார். அவர்கள் போனபிறகு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெடியன் அம்மாவை “அம்மா” என்று கூப்பிடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

சிரிப்பதற்கு ஏற்ற காலம் அல்ல அது. வீதிகளில் குண்டு நிரப்பிய துவக்குகள் நின்றன. ஒரு ஊரைச் சுற்றி வளைத்தார்கள் என்றால் அடுத்த ஊரில் இளந்தாரிகள் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தார்கள். எந்தச் சீருடை என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடங்களில் எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில் பல சீருடைகள் வந்து போயின, கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீ யார்? இன்னொன்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பெயர் வைத்திருப்பவன் ஆயுதம் தூக்கிய இயக்கக்காரன். வீட்டில் ஒரு பெயர், இயக்கத்தில் ஒரு பெயர் என்று அவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அதையும் என் அட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரையே சுற்றி வளைத்தார்கள். பெடியன் பயிற்சிக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றான். வீட்டுக்குள் வந்தவர்கள் அவனைத்தான் பிடித்தார்கள். நான் கழக அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா தன் பாடத்தைச் சொன்னார், கடைக்குட்டி, இந்த அறை, நெத்தலிப் பொரியல். அவர்கள் படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு விட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள்.

“பாத்தியோ, என்ரை கையெழுத்து உன்னைக் காப்பாத்திப்போட்டுது” என்று சொல்லி அட்டையை அவனிடமே கொடுத்தேன். “இனி உதைச் சேட்டுப் பொக்கற்றிலையே வைச்சிரு.”

அந்தப் பொக்கற்றில் மீன்பிடிக்கப் போவதற்கான அவனுடைய கடல் பாஸ் ஏற்கெனவே இருந்தது. குருநகர் விலாசம், தகப்பன் பெயர், சொந்தப் பெயர், அதே முகம்.

லீக்கில் நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். அரையிறுதிக்கு ஒரு கிழமைக்கு முன்பு தகப்பன் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கதிரையில் இருக்கவும் இல்லை.

“தம்பி, அந்த அட்டையைத் திருப்பி வாங்குங்கோ. கடலுக்குப் போறவனுக்கு ஒரு பேர் போதும்.”

“இன்னும் ரண்டு ஆட்டம்தான் அண்ணை. முடிய நானே கிழிச்செறியிறன்.”

“ரண்டு பேரோடை திரியிறது எனக்குச் சரியாப் படேல்லை.”

“இது பந்து விளையாட்டுத்தானே அண்ணை. அந்த அட்டைதானே அண்டைக்கு அவனைக் காப்பாத்தினது.”

 படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொடுத்திருக்கமாட்டேன். எனக்கு வெற்றிக் கிண்ணம் வேண்டியிருந்தது.

அரையிறுதி பின்னேரம் நாலு மணிக்கு. மூன்றரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், அவன் வரவில்லை. அவனுடைய சப்பாத்து எங்கள் பையில் இருந்தது. நடுவர் விசில் ஊதினார். பத்துப் பேரோடு தொடங்கினோம். எனக்கு ஆட்டம் கண்ணில் படவேயில்லை, ரெயில் பாதையைக் கடந்து வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் ஒருவர் வந்து சொன்னார். பட்டணத்துக்குள் வீதியில் மறித்துப் பெடியனின் பொக்கற்றைச் சோதித்தார்களாம். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்களாம். சைக்கிள் இன்னும் வேலியில் சாத்தியபடி நிற்கிறதாம்.

அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். ஜீப் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்து வாசலில் நின்றது. தமிழ் கதைக்கிற ஒருவர் இறங்கினார், பின்னால் இரண்டு துவக்குக்காரர். அவர் கையில் ஒரு அட்டை மட்டும் இருந்தது. என் கையெழுத்து எட்டத்திலேயே எனக்குத் தெரிந்தது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“இவர் உங்கடை ஆளோ அம்மா?”

அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ஓம் ஐயா, என்ரை கடைக்குட்டி. உந்த அறையிலைதான் படுக்கிறவன். நெத்தலிப் பொரியல் இல்லாட்டிச் சோத்திலை கை வையான். நேற்றுச் சாப்பிடாமல் போனவன் ஐயா, விட்டுவிடுங்கோ.” இந்தமுறை அம்மா நடிக்கவில்லை. கண்ணீர் உண்மையாகவே வந்தது.

ஜீப்பில் வந்தவர் என்னைப் பார்த்தார். போன தடவை காப்பாற்றியது இந்தப் பதில்தான் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க என்னால் முடியவில்லை.

“ஓம். என்ரை தம்பி.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். “சரி அம்மா” என்றார். ஜீப் பின்பக்கமாகவே ஒழுங்கையை விட்டுப் போனது. அம்மா குசினிக்குப் போய் உலை வைத்தார். எப்படியும் மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்றார்.

அரை மணித்தியாலம் கழித்துத் தகப்பன் வந்தார். மகனை வைத்திருந்த முகாமிலிருந்து நேரே சைக்கிள் மிதித்து வந்திருந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

“தம்பி, மகன் உள்ளை எல்லாத்தையும் சொல்லிப்போட்டான். பந்துக்காக எழுதின பொய் அட்டை, நான் குருநகர்தான் எண்டு. எங்கடை தேவாலயச் சுவாமியாரும் நானும் போய்க் கதைச்சனாங்கள். உங்கடை வீட்டை வந்து விசாரிப்பினமாம். ‘இவன் எங்கடை ஆள் இல்லை’ எண்டு நீங்கள் சொன்னால் அவன் சொன்னது உண்மையாம், விட்டுடுவினமாம். அதை மட்டும் சொல்லுங்கோ.”

குசினியில் ஏதோ விழுந்து உருண்டது. அம்மா வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு விளங்கிவிட்டது. அவர் மெல்ல நிலத்தில் குந்தினார்.

“நீங்கள் என்னம்மா செய்வியள்” என்றார் பிறகு. “உங்கடை பிள்ளை எண்டுதானே சொன்னனியள்.”

அவர் என்னை அடித்திருக்கலாம். நான் அதற்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

கூப்பன் மட்டை, பிறப்புச் சான்றிதழ், ஜெர்மனியிலிருந்து தம்பி எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அவரோடு முகாமுக்கு ஓடினேன். வாசலில் அதே தமிழ் கதைக்கிற மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “காலமை தம்பி, இப்ப தம்பி இல்லையோ?” என்றார். “நாளைக்கு ஆர் எண்டு சொல்லுவீர்?” கடிதங்களை வாங்கியும் பார்க்கவில்லை. மகன் என்று ஒருவன் ஜெர்மனியில் இருந்தால் இங்கே அந்தப் பெயரில் திரிந்தவன் யார் என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் இருந்த பதில் பந்து விளையாட்டு என்பதுதான். சொன்னபோது எனக்கே அது பொய்போலக் கேட்டது.

அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சில நாளில் சொன்னார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அம்மா அந்தக் கோப்பையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நான் கழகத்தை விட்டேன், கலியாணக் கடிதம் எழுதுவதையும் விட்டேன். என் எழுத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிபட்டவர்களின் பெயர்களைச் சில இடங்களில் தாளில் எழுதி ஒட்டுவார்கள். தகப்பனும் நானும் போய்ப் பார்ப்போம். அவருக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் மேலிருந்து கீழ்வரை வாசித்துச் சொல்லவேண்டும். அவருடைய மகனின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. ஒரே ஒரு தாளில், ஒரே ஒரு தரம், என் தம்பியின் பெயரும் எங்கள் வீட்டு விலாசமும் இருந்தன. அதற்குப் பிறகு எதிலும் இல்லை. தம்பி ஜெர்மனியில் கலியாணம் செய்து பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறான்.

அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து தகப்பன் கேட்கிற விதத்தை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரைத் தேடுகிறீர் என்று கேட்டால், தன் மகனுக்கு என் தம்பியின் பெயரைத்தான் சொல்வார்.