சாக்ரமென்டோ கல்யாணமும் ஒரு ஃபார்வர்டு படமும்

ஜூன் மாதச் சனிக்கிழமை, காலை எட்டு மணி. சான் பிரான்சிஸ்கோவில் ஜூன் என்றால் கோடை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கடலிலிருந்து வந்த மூடுபனி எதிர்ச் சாரி வீடுகளைக்கூட மறைத்திருந்தது. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மேல்வீட்டுக்காரர்களை அழைத்துவரப் படியேறினேன். தொண்ணூறு மைல் தொலைவிலுள்ள சாக்ரமென்டோவில் அன்று மாலை மூன்று மணிக்கு அவர்கள் மகள் ஒல்யாவுக்குக் கல்யாணம். அவர்களிடம் கார் இல்லை. எங்கள் காரில் நால்வரும் போவதாக ஏற்பாடு.

நாங்கள் குடியிருப்பது ரிச்மண்ட் பகுதியில். நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வுக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே வீடு எடுத்தோம். பாவம், என் கணவர் செந்தில்தான் தினமும் சான்டா கிளாரா வரை காரோட்டுகிறார். தமிழ் பேச ஆள் வேண்டுமென்றால் ஃப்ரீமான்ட் போக வேண்டும். எங்கள் கட்டடத்தில் எங்களைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் ரஷ்யர்கள். முனைக்கடையின் பெயர்ப்பலகை ரஷ்ய மொழியில். நாங்கள் முருங்கைக்காயைப் பற்றிப் பேசுவதுபோல் அவர்கள் பீட்ரூட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

மேல்வீட்டு அம்மாளின் பெயர் நதேழ்தா பெத்ரோவ்னா. பெத்ரோவ்னா என்பது அவருடைய அப்பா பெயரிலிருந்து வருவது. பெரியவர்களை அப்பா பெயரையும் சேர்த்து அழைப்பதுதான் அங்கே மரியாதை. இனிஷியலோடு வளர்ந்த எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. எங்கள் நட்பு கீழ்த்தளத்துச் சலவை அறையில் தொடங்கியது. துணி காயும் நேரத்தில் அவர் தன் போனில் வந்ததைச் சொல்வார், நான் என் போனில் வந்ததைச் சொல்வேன். எந்தத் தலைவருக்கு உடம்பு முடியவில்லை, எந்த எல்லையை மூடப்போகிறார்கள், எந்த விசா நிற்கப்போகிறது. பாதி பொய்யாகிப் போகும். ஆதாரமில்லாத செய்திக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், ‘ஒரு பொம்பளை சொன்னா’ செய்தி நிறுவனம். இதைச் சொல்லி நாங்கள் சிரிக்காத வாரமில்லை.

அன்று கதவைத் திறந்தவர் சிரிக்கவில்லை. இரவு உடையில் இருந்தார். கல்யாணத்துக்கென்று தைத்த நீல கவுன் அலமாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கணவர் விக்தர் கோட்டும் டையுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்; காலில் மட்டும் வீட்டுச் செருப்பு.

“நாங்க வரலை, சுபோச்கா” என்றார். என் பெயர் சுபா. அவர் வாயில் அது அப்படித்தான் செல்லமாக நீளும். அவருடைய உடைந்த ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

போனை நீட்டினார். சாலையை அடைத்து நிற்கும் ஒரு கூரை, அதன் கீழே கார்கள், சீருடை போட்டவர்கள் ஜன்னல்களில் குனிந்து ஏதோ கேட்கிறார்கள். கீழே ரஷ்ய மொழியில் நான்கு வரி. அவரே படித்துச் சொன்னார். எண்பதாம் ஃப்ரீவேயில், வாக்காவில் என்ற ஊருக்குப் பக்கத்தில், எல்லா வண்டிகளையும் நிறுத்திப் பேப்பர் பார்க்கிறார்களாம். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்களை இறக்கிக் கொண்டுபோகிறார்களாம். அவர்கள் இருவரும் அடைக்கலம் கேட்டுப் போட்ட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. சாக்ரமென்டோவுக்கு நாங்கள் போகும் வழியும் அதுதான்.

“விருந்தாளிங்க ஒவ்வொருத்தரா வரலைன்னு சொல்றாங்க. எல்லாரும் எங்களை மாதிரி ஆளுங்கதானே. ஒல்யா அழறா.”

“இதுவும் ஒரு பொம்பளை சொன்னதுதான்” என்றேன்.

“நெருப்பில்லாம புகையாது” என்றார். ரஷ்ய மொழியிலும் அச்சு அசலாக அதே பழமொழி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவர் சொன்னதை மறக்க முடியாது. அவர்கள் ஊரில் ஒருநாள் போனில் ஒரு செய்தி சுற்றியதாம். ஆண்களைப் போருக்குப் பிடிக்கப்போகிறார்கள் என்று. பாதி ஊர் சிரித்தது. இப்போது மாப்பிள்ளையாகப் போகும் மீஷா மட்டும் சிரிக்காமல் பையைக் கட்டி எல்லையைத் தாண்டினான். சிரித்தவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. “வதந்தியை நம்பினதாலதான் எனக்கு ஒரு மருமகன் உயிரோட இருக்கான். இப்ப நீ நம்பாதேன்னு சொல்றியா?”

வதந்தியை நம்புகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாள் என்னைவிட விவரமானவர். அவர் கண்ட நெருப்பு வேறு.

என்னைக் காணோமே என்று செந்தில் மேலே வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. என்னை வராந்தாவுக்கு இழுத்துவந்தார்.

“நம்ம விசா எக்ஸ்டென்ஷனும் பெண்டிங்தான் சுபா. ஏதாவது ஆச்சுன்னா? அவங்களே வேணாங்கறாங்க. நாமளா ஏன் ரிஸ்க் எடுக்கணும்?”

“இருங்க. இந்தப் படத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்.”

என் போனைத் துழாவினேன். முதல்நாள் மாலை எங்கள் தமிழ்க் குழுவில் வந்திருந்தது. அதே கூரை, அதே கார்கள், அதே குனிந்த தொப்பி. ஆனால் எழுதியிருந்த இடம் வேறு: ‘ஐந்நூற்று எண்பதாம் ஃப்ரீவே, லிவர்மோர் தாண்டி மலை ஏறும் இடம். கோயிலுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் எடுத்துச் செல்லவும்.’

நதேழ்தா பெத்ரோவ்னாவின் சமையலறை மேசையில் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே படம். ரஷ்யனுக்கு ஒரு சாலை, தமிழனுக்கு ஒரு சாலை. எவனோ ஒருவன் ஆளுக்குத் தக்கபடி பயத்தைத் தைத்து அனுப்பியிருக்கிறான். ரஷ்யர்கள் நடுவே குடியிருப்பதால்தான் எனக்கு இரண்டும் கண்ணில் பட்டன.

லிவர்மோரில் இருக்கும் என் தோழி மாலதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“இப்பதான்டி ட்ரேஸில இருந்து அந்த மலையைத் தாண்டி டிரைவ் பண்ணிட்டு வரேன்” என்றாள். “மலைமேல கரண்ட் எடுக்கற காத்தாடி சுத்துது, அவ்ளோதான். ஒருத்தனும் நிறுத்தலை. யாரு இதெல்லாம் கிளப்பி விடறாங்க?”

விக்தர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரிவில் வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். “பனி” என்றார். அன்று அவர் பேசிய முதல் சொல். வாக்காவில் பக்கம் வெயிலில் காய்ந்த புல்தான் இருக்கும். பனி ஏது, பைன் மரம் ஏது?

பைன் மரத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

“செந்தில்! என் கறிவேப்பிலைச் செடி!”

இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து மாநிலத்து ரீனோவில் இருக்கும் தோழி தொட்டியோடு ஒரு கறிவேப்பிலைச் செடி கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மலைப்பாதையில், ட்ரக்கி ஊருக்கருகே, மாநிலத்துக்குள் நுழையும் எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்கள். பழம், செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பூச்சி வந்துவிடுமாம், எலுமிச்சைத் தோப்புகள் அழிந்துவிடுமாம். மன்னிப்புக் கேட்டபடியே என் செடியை வாங்கிக்கொண்டார்கள். நான் உம்மென்று நின்றதைச் செந்தில் கேலிக்குப் படம் எடுத்திருந்தார். அதைத் தேடி எடுத்து மூன்றாவதாக வைத்தோம். அதே கூரை. அதே மஞ்சள் கம்பங்கள். என் தலைக்குப் பின்னால் அதே வளைந்த பைன்.

“பேப்பர் பார்க்கலை” என்றேன். “ஆரஞ்சுப் பழம் இருக்கான்னு பார்க்கறாங்க.”

விக்தர் வாய்விட்டுச் சிரித்தார். நதேழ்தா பெத்ரோவ்னா சிரிக்கவில்லை. யோசித்துக் கேட்டார்.

“படம் பொய். சரி. ஆனா இன்னிக்கு அந்த ரோட்டுல யாரும் இல்லைன்னு இந்தப் படம் சொல்லலையே?”

இதுதான் சரியான கேள்வி. பொய்ப்படம் ஒன்றைப் பிடித்துவிட்டால் உண்மை கையில் வந்துவிட்டதாக ஆகாது. செந்தில்தான் போனில் சாலை வரைபடத்தை விரித்தார். பாலத்திலிருந்து சாக்ரமென்டோ வரை ஒரே பச்சைக் கோடு. “எல்லா வண்டியையும் நிறுத்தினா சனிக்கிழமை காலையில இப்படி ஓடுமா ஆன்ட்டி? ரெண்டு மைலுக்கு சிவப்பா நிக்காதா?” என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, “நாங்களும் விசால இருக்கிறவங்கதான். ஒரே வண்டில போறோம். என்ன ஆனாலும் நாலு பேருக்கும் ஆகட்டும்” என்றார். கால்மணி நேரத்துக்கு முன் வராந்தாவில் நின்று வேண்டாம் என்ற அதே மனிதர்!

அந்த அம்மாள் எழுந்து நீல கவுனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கிளம்புமுன் எல்லோரையும் ஒரு நிமிடம் உட்காரச் சொன்னார். பயணத்துக்கு முன் அப்படிப் பேசாமல் உட்கார்ந்து எழுவது அவர்கள் வழக்கம். நான் ஷூ அலமாரி மேலும் செந்தில் பெட்டி மேலும் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு வண்டி நகர்ந்தது.

பே பாலத்தைத் தாண்டிப் பெர்க்லி வந்ததும் மூடுபனி விலகிவிட்டது. வலேஹோவுக்கு முந்தைய பாலத்தில் சுங்கம் எட்டு டாலர். ஃபேர்ஃபீல்டைத் தாண்டினோம். வாக்காவில் இரண்டு மைல் என்ற பலகை வந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பற்றியது. செந்தில் ஏ.சி.யைக் கூட்டினார்; ஆனாலும் வியர்த்தது. மனதுக்குள் சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். ஆதாரம் எல்லாம் மேசையோடு சரி. ஒரு வளைவு, ஒரு மேம்பாலம், அப்புறம் தள்ளுபடி விற்பனைக் கடைகளுக்கு முந்திக்கொண்டு திரும்பும் கார்கள். அவ்வளவுதான். வாக்காவில் பின்னால் போய்விட்டது.

நதேழ்தா பெத்ரோவ்னா ஜன்னலை இறக்கினார். காற்றில் கலைந்த தலைமுடியைக்கூட ஒதுக்காமல் போனை வெளியே நீட்டி, விருந்தாளிகள் எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் உரக்கப் பேசத் தொடங்கினார். எனக்குப் புரிந்தது ‘வாக்காவில்’ என்பதும் ‘நியெத்’ என்பதும்தான். நியெத் என்றால் இல்லை. டிக்ஸன் அருகே ஆட்டுமந்தை மேய்வதைக் காட்டி ஏதோ சொல்ல, விக்தர் இருமும்வரை சிரித்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று விக்தரிடம் கேட்டேன்.

“இந்த ரோட்ல சோதனை போட இந்த ஆடுங்கதான் இருக்கு, அதுங்களும் வேலையா இருக்குன்னு சொன்னா.”

டேவிஸ் வருவதற்குள் அந்த அம்மாளின் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு அழைப்பையும் முடித்து ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்வார். “தமாரா கிளம்பிட்டா!” “யூரி டை தேடறானாம்!” கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல நாங்கள் கேட்டுக்கொண்டு வந்தோம்.

சாக்ரமென்டோவில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. வெப்பமானி நூறு டிகிரி காட்டியது. வாடகை மண்டபத்தில் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒல்யா கல்யாண உடையோடு வாசலுக்கே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் திட்டியபடியே அழுதார்கள். மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது. மீஷா செந்திலின் கையைப் பிடித்தவன் விடவேயில்லை.

மூன்று மணிக்குத் தொடங்க வேண்டியதை ஒல்யா நான்குக்குத் தள்ளினாள். வண்டிகள் வரத் தொடங்கின. குழந்தைகள், பூங்கொத்துகள், மடியில் கேக் டப்பாவோடு கிழவிகள். நான்கு மணிக்கு நாற்காலி போதாமல் செந்திலும் விக்தரும் பக்கத்து அறையிலிருந்து தூக்கிவந்தார்கள்.

தம்பதிகளை ரொட்டியும் உப்பும் வைத்து நதேழ்தா பெத்ரோவ்னா வரவேற்றார். இருவரும் ரொட்டியைக் கடிக்க வேண்டும். பெரிய வாயாகக் கடிப்பவர் கையில்தான் வீட்டு ஆட்சி. ஒல்யா கடித்த கடியில் மண்டபமே ஆர்ப்பரித்தது. சாப்பாட்டின்போது அடிக்கடி எல்லோரும் ‘கோர்க்கோ’ என்று கத்தினார்கள். கசக்கிறது என்று பொருளாம். மணமக்கள் முத்தமிட்டால்தான் அந்தக் கசப்புத் தீரும். கூச்ச சுபாவம் கொண்ட என் கணவர் மூன்றாவது முறை எல்லோருக்கும் முன்னால் கத்தினார்.

கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சான் ஹோசேயிலிருந்து ஒரு வயதான தம்பதி. காலையில் ஃபேர்ஃபீல்ட் வரை வந்து, அந்தப் படத்தைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களாம். அப்புறம் நேரலையில் ஆடுகளைப் பார்த்ததும் மறுபடியும் கிளம்பியிருக்கிறார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. ஒல்யா கத்தியை வைத்துவிட்டு, மிச்ச ரொட்டியையும் உப்பையும் எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தாள்.

எங்கள் திருச்சிப் பக்கம் கல்யாணத்துக்கு வராதவர்கள் பெயர்தான் தலைமுறைக்கும் நினைவில் நிற்கும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று இருபது வருடம் கழித்தும் பேசுவார்கள். இங்கே வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நதேழ்தா பெத்ரோவ்னா கன்னத்தைப் பிடித்துப் பெயர் சொல்லி முத்தமிட்டதைப் பார்த்தேன். பயம் இருந்தும் வந்தவர்கள் இவர்கள். நாளை அவர் போனில் இன்னொரு படம் வரும், என் போனிலும் வரும். எது நெருப்பு, எது வெறும் புகை என்று மறுபடியும் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இனி ஒரே மேசையில் இரண்டு போன்களையும் வைத்துப் பார்ப்போம்.

பொழுது சாயும் நேரத்தில் விடைபெற்று வெளியே வந்தோம். காரை எடுக்க முடியவில்லை. பின்னால் ஒரு வண்டி, அதன் பின்னால் இன்னொன்று, புல்தரையில் ஏற்றி நிறுத்தியவை வேறு. யார் வண்டி எது என்று கேட்கப் போன விக்தர் வழியில் யாரிடமோ பேசிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். செந்தில் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“விடு சுபா. உள்ள போய் இன்னொரு டீ குடிக்கலாம்” என்றார்.