மாமா வென்ற கோட்டு

இறைவன் அடியாரை அன்பினால் ஏய்த்த திருவிளையாடல்களைப் பதிகங்களில் ஓதும்போது பிறருக்குக் கோயிலும் கோபுரமும் நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் நடந்த ஒரு சீட்டாட்டம் வந்து நிற்கிறது. அடியார்கள் பொறுத்தருள வேண்டும்.

லிந்துலைக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவில் சமையல் செய்தவர் என் பெரியப்பா. துரைமார் விருந்துகளில் ஆடும் போக்கரைத் தட்டேந்தி நின்றபடியே கற்றவர். அதைத் தாய்மாமாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு பிற்பகலில், பங்களாவில் கழித்துப்போட்ட சீட்டுக்கட்டோடு இருவரும் அமர்வார்கள். பந்தயம் தீக்குச்சிகள்தாம். கையில் ஒன்றுமில்லாதபோதும் எல்லாம் இருப்பதாகக் காட்டி எதிராளியை விலகச் செய்வதே அந்த ஆட்டத்தின் சாரம். மாமாவுக்கு அது மட்டும் கைவரவில்லை. அவர் பின்னால் உட்கார எனக்கு அனுமதியும் இல்லை. என் முகம் எதையும் மறைக்காது.

அந்த ஞாயிறு பெரியப்பா கோழி கேட்டு வந்தார். துரைக்குத் திடீர் விருந்தாளிகள். எங்களிடம் இருந்ததோ நான் வளர்த்த வெடைக்கோழி ஒன்றே. மாமாவின் கண், பெரியப்பா போட்டிருந்த, சீமைக்குத் திரும்பிய பழைய துரை கொடுத்துப்போன கறுப்புக் கோட்டின்மேல் இருந்தது. அடுத்த வாரம் வட்டவளைக்குப் பெண் பார்க்கப் போக அவரிடம் நல்ல உடை இல்லை. வாய்விட்டுக் கேட்க மானம் விடவில்லை.

“கோட்ட வச்சு ஆடுறீங்களா மச்சான்? நான் கோழிய வைக்கிறேன்.”

“யாரு கோழிய யாரு வைக்கிறது மாப்ளே?” என்று பெரியப்பா சிரித்தார்.

“பொண்ணு பாக்கப் போறவன் புத்தியப் பாரு!” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

தருமர்கூடத் தம் பொருளைத்தான் முதலில் வைத்தார். மாமா என் கோழியிலேயே தொடங்கிவிட்டார். நான் அழுதேன்.

தம் சீட்டுகளைப் பார்த்த மாமா, என்றுமில்லாத வழக்கமாக, “இங்க வா தாயி, பின்னால ஒக்காரு” என்றழைத்தார். சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். “கோழி நம்மளுக்குத்தான். வட்டவளைக்கு ஒன்னையும் ரயில்ல கூட்டிட்டுப் போறேன்.”

ரயிலில் நான் ஏறியதே இல்லை. கண்ணீர் காயுமுன் கைகொட்டிக் குதித்தேன்.

பெரியப்பா மாமாவைப் பார்க்கவில்லை. என்னையே நெடுநேரம் பார்த்தார். “புள்ள மூஞ்சியே சொல்லுதே, ஒன்கிட்ட பெரிய சீட்டுதான்” என்று தம் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். கோட்டைக் கழற்றி மாமாவின் தோளில் போட்டார்.

மாமா சீட்டுகளை விரித்தார். ஒன்றோடொன்று சேராத ஐந்து சில்லறைச் சீட்டுகள்!

“கத்துக்குடுத்த ஆளையே கவுத்துட்டேன்ல!” என்று கோட்டும் கையுமாக அம்மாவிடம் ஓடினார்.

நான் பெரியப்பாவின் சீட்டுகளைப் புரட்டினேன். மூன்று ராஜாக்கள். அது பெரிய கை என்பது எனக்கே தெரியும்.

“மூணு ராஜா இருந்தும் ஏன் பெரியப்பா கீழ வச்சீங்க?”

அவர் அவற்றைக் கட்டுக்குள் செருகினார்.

“மாமாகிட்ட சொல்லிராத தாயி.”

பிறகு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கோழி தேடி மழையில் கடைத்தெருவுக்கு நடந்தார்.

நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய சீட்டை வைத்துக்கொண்டு தோற்றவருக்கு வெட்கமாக இராதா? கற்றுக்கொடுத்தவருக்கே ஆட்டம் மறந்துபோயிற்றே என்று அன்று அவர்மேல் மிகவும் இரக்கப்பட்டேன்.