வாந்தி மாத்திரைக்கு மேல் இன்னொரு வாந்தி மாத்திரை

இப்படித்தான் ஆகும் என்று தொண்ணூற்றிரண்டிலேயே சொன்னவன் நான்.

இன்று கரையான்சாவடி மருந்துக்கடையில் ஒரு தம்பி கடைக்காரரிடம் கேட்டார்: "ஊட்டுக்காரிக்கு கேன்சருக்கு ஊசி போட்டுகினு கீறாங்க. டாக்டர் குடுத்த மாத்திரைல வாந்தி நிக்கல. கூட வேற ஒண்ணு குடுங்கண்ணா."

பக்கத்தில் நின்றிருந்த நான் விடுவேனா? தம்பியிடம் சொன்னேன்:

"நைனா, டாக்டரைக் கேக்காம குடுக்காதே. தொண்ணூத்திரண்டுல என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கும் அதே ஊசிதான். அவ ஊட்டுக்காரன் கடைல வேற வாந்தி மாத்திரை வாங்கியாந்து சேர்த்துக் குடுத்தான். கழுத்து திருகிகிச்சு, தாடை பூட்டிகிச்சு. பேய்னு எல்லாரும் ஜெபம் பண்றாங்க. மாத்திரைதான்னு கண்டுபுடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினது நான்."

கடையே வாய் பிளந்தது. தம்பி மாத்திரை வாங்காமல் டாக்டரிடமே திரும்பிப் போனார்.

தங்கச்சிக்குக் கழுத்து அன்றே சரியாகிவிட்டது. ஆனால் பயந்துபோன ஸ்டெல்லா அடுத்த ஊசிக்கு வரவேயில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

மாப்பிள்ளையை எங்கள் வீட்டு வாசற்படி ஏற யாரும் விடவில்லை, இன்றுவரை.

கதையில் ஒன்றை மட்டும் அன்றும் இன்றும் மாற்றிச் சொன்னேன். அந்த மாத்திரையை வாங்கி வந்தது மாப்பிள்ளை இல்லை, நான்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்த ஃபேஸ்புக்கில்தானே இருக்கிறீர்கள்? லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, திட்டிவிட்டுப் போங்கள்.