செங்கல் கதவும் கூறைச்சேலையும்

ஹோட்டலில் வழிகாட்டும் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் வழி தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. லண்டனின் ஓரத்தில், ஒரு காலத்தில் பிரபு ஒருவர் வாழ்ந்த மாளிகை அது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதன் கடைசிச் சனிக்கிழமை ஒரு யாழ்ப்பாணக் கல்யாணம். அது குழப்பமில்லாமல் நடந்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பெரிய கட்டடங்களில் விழித்து நின்றவர்களே, என் நிலை உங்களுக்குப் புரியும்.

செங்கல் கதவு

வரவேற்பறையில் கணப்படுப்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு கதவுகள். வலது கதவு உணவறைக்குப் போகும். இடது கதவு எங்கும் போகாது. வலப்பக்கம் ஒன்று இருந்தால் இடப்பக்கமும் இருப்பதுதான் அழகு என்று, கட்டியவர் வைத்த கதவு அது. முதல் நாள், வயதான வெள்ளைக்காரத் தம்பதியை மரியாதையாக அழைத்துப்போய் அந்த இடது கதவைத் திறந்தேன். உள்ளே செங்கல் சுவர். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நன்றாகப் பார்த்தார்.

"சாப்பாடு இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது."

ஒன்றரையாம் மாடி

மாளிகையின் பழைய பாதியோடு, நூறு வருடம் கழித்துப் புதிய பாதியை ஒட்டியிருக்கிறார்கள். புதியதில் கூரை உயரம். ஆகவே பழைய பாதியின் இரண்டாம் மாடியில் நேரே நடந்தால், புதிய பாதியின் முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டில் வந்து நிற்போம். மேலே எட்டுப் படி, கீழே பதினொரு படி. இருபது வருடமாக அங்கே பெட்டி தூக்கும் டேவிட்டிடம், நாம் நிற்பது எந்த மாடி என்று கேட்டேன்.

"இங்கே நின்று அதைக் கேட்கக்கூடாது. எங்காவது போய்ச் சேர்ந்த பிறகு கேள்."

இருபத்திரண்டு சோடி

கல்யாண நாள். மணமகளின் அறை பழைய பாதியில், ஒரே மாதிரி ஒன்பது கதவுகளில் ஒன்று. சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். எனக்கு நிம்மதி. செருப்பு இருக்கும் கதவுதான் மணமகள் அறை என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒரு செருப்பும் இல்லை! அறை வாசலில் சப்பாத்து வைத்தால் துடைத்துப் பளபளப்பாக்கித் தரவேண்டும் என்பது அந்த மாளிகையின் பழைய வழக்கமாம். டேவிட் இருபத்திரண்டு சோடியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். மணமகளின் மாமி வெறுங்காலோடு வந்தார்.

"தம்பி, என்ர றப்பர் செருப்பையுமோ மினுக்கப் போறாங்கள்?"

கூறை

எங்கள் கல்யாணத்தில் மணமகள் நடுவில் எழுந்து போய், மாப்பிள்ளை கொடுத்த கூறைச்சேலையை உடுத்திக்கொண்டு வரவேண்டும். பிறகுதான் தாலி. முகூர்த்தம் முடிவது பதினொன்று இருபதுக்கு. பதினொன்று பத்துக்கு, கூறை உடுத்தி முடித்த மணமகளையும் மாமியையும் அறையிலிருந்து மண்டபத்துக்கு நானே கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஒரு திருப்பம் தவறியது. மூவரும் ஒன்றரையாம் மாடியில் நின்றோம். மேளம் கேட்டது; எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"நேரம் போகுது தம்பி!" என்றார் மாமி. மணமகளின் கண் கலங்கிவிட்டது. அகப்பட்ட ஓர் ஒடுக்கமான படியில் இறங்கினோம். அது ஒரு சின்னக் கதவில் முடிந்தது.

"அன்ரி, இதுக்குப் பின்னாலையும் செங்கல்தான் இருக்கும்," என்றேன்.

"கதவெண்டால் திறக்கத்தானே? தள்ளும்!" என்று அவரே தள்ளினார்.

அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் வந்துபோன கதவு அது. மண்டபப் பக்கம் சுவரோடு சுவராகப் பூப்போட்ட தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். சுவர் திறந்து, மணமகள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மணி பதினொன்று பதினேழு. சபை முழுவதும் கைதட்டியது. மேலாளர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார்.

"அற்புதம்! இனி எல்லாக் கல்யாணத்துக்கும் மணமகளை இந்த வழியாகவே அழைத்து வாருங்கள்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்த வழியைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.