தீபாவளி முடியட்டும்

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மழை மேகம் கறுத்தாலே அவன் நெஞ்சு சத்தம் போடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவன் சிதம்பரத்தில் தையல் கடை வைத்தான். நாள் முழுக்கத் துணித் தூசி. திட்டினால், "வேற என்னக்கா தெரியும் எனக்கு?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் கோபம் நின்றதே இல்லை.

நான் கடலூரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். வீசிங் உள்ளவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்வது எனக்கு மனப்பாடம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நானும் சொல்வேன், கேட்பார்கள். சொந்தத் தம்பியிடம் மட்டும் அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கியபோது பஸ் ஏறி அவன் கடைக்கே போய் நின்றேன். கீரப்பாளையம், கிள்ளை என்று நாலா பக்கத்துத் துணியும் பை பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கெளம்புடா கடலூருக்கு. ஊசியப் போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ல திரும்பிடலாம்."

"தீபாவளி முடியட்டும்க்கா. கை வலிக்கும்ல?"

"ஒருநாள் வலிக்கும். செத்தா போயிடுவ?"

அந்த வார்த்தை என் வாயில் எப்படித்தான் வந்ததோ.

அவன் மெஷினை நிறுத்தவே இல்லை. "வலது கை கத்திரிக்கு, இடது கை துணிக்கு. எந்தக் கையக் குடுக்கறது, நீயே சொல்லு" என்றான். பக்கத்தில் பட்டன் கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

"போட்ட அன்னிக்கே அது வேலை செய்யாதுடா. உடம்புல புடிக்க ரெண்டு வாரமாவது ஆகும்."

"தீபாவளிக்குத் தைக்க வாங்குன துணியத் திருப்பி அனுப்புனா கடைக்கு ஆகாதுக்கா. முடிச்சிட்டு மொத ஆளா வரன்."

தையல்காரர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. துணி நாள் தவறினால் ஒரு வீட்டுத் தீபாவளியே கெட்டுப்போனதாக அவனுக்கு நினைப்பு. புதுப் பாவாடையை வாங்கிப் பார்க்கும் குழந்தையின் முகத்துக்காகவே அவன் தைத்தான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவனை எவ்வளவுதான் திட்டுவது?

மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் இருமிக்கொண்டே அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். அவனுக்கும் காய்ச்சல் வந்தது. என்னிடம் சொல்லக் கூடாதென்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கியபடி கடைசித் துணி வரைக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறான், பாவி. ஊரெல்லாம் பிள்ளைகள் புதுத்துணி உடுத்திய காலையில் அவனால் வீட்டுப் படியில் ஏற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினான். "ஒருத்தர் துணியும் பாக்கி இல்லக்கா." மூச்சை இழுத்துப் பிடித்து, "இப்ப எந்தக் கைல வேணாலும் போடச் சொல்லு" என்றான். காலம் கடந்தது தெரியாமல் சொன்னானா, என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தானா, தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா இவ்வளவு முத்தியிருக்க வாய்ப்பு கம்மி" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தூங்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான்.

கடையை இப்போது அவன் மனைவி நடத்துகிறாள். இந்த வருஷம் தீபாவளித் துணி குவியத் தொடங்கிய வாரத்தில், நான் கூப்பிடாமலே கிளினிக் வாசலில் வந்து நின்றாள்.

"கடைய யாரும்மா பாத்துக்கறாங்க?"

"பூட்டிட்டு வந்துட்டன் அண்ணி. துணி கேட்டவங்கள நாளைக்கு வாங்கன்னுட்டன்."

உள்ளே அழைத்துப் போனேன். "எந்தக் கைல போடட்டும்?" என்று நர்ஸ் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் ஜாக்கெட்டின் வலது கையை மேலே ஏற்றினாள்.

"இதுலயே போடுங்க சிஸ்டர். கத்திரி ஒருநாள் சும்மா கெடக்கட்டும்."

இவ்வளவுதானேடா தம்பி. இந்த ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையே.